பெயர் எழுதாத மாத்திரையை நாய்க்கு வாங்காதீர்கள்

பினாங்கில், அதுவும் ஜெலுத்தோங் பக்கம் நாய்க்குட்டி வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் மணிக்கு அப்போது மூன்று மாதம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வாசலெல்லாம் தண்ணீராகப் போய் வைத்திருந்தான். முதல் நாள் இரவு மாமா தன் தட்டிலிருந்து கோழிக்கறி இரண்டு துண்டு போட்டிருந்தார். அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். மதியத்துக்குள் நான்கு தடவை போய்விட்டான். தட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நேராக கிளினிக்குக்குப் போயிருக்க வேண்டும். நான் போனது, வழக்கமாக நாய்ச் சாப்பாடு வாங்கும் கடைக்கு. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் அங்கே 50 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து மணிக்குத் தடுப்பூசியும் போட்டிருந்தேன். கடைக்காரத் தம்பி நம்ம ஆள், அன்பாகப் பேசுவார். போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன்.

"ஒண்ணும் இல்லக்கா, சாப்பாடு ஒத்துக்கல. நேத்துகூட ரெண்டு குட்டிக்கு இதே மாதிரிதான். கிளினிக் போனா முந்நூறு வெள்ளி போயிடும்" என்றார்.

சின்னப் பிளாஸ்டிக் பையில் ஆறு வெள்ளை மாத்திரையும் ஒரு பொட்டலம் கறுப்புத் தூளும் கொடுத்தார். பையில் மருந்தின் பெயர் இல்லை, அளவு இல்லை, காலாவதித் தேதி இல்லை. 35 வெள்ளி. ரசீது கேட்டதற்கு, மெஷின் கெட்டுப் போச்சு என்றார்.

அன்று இரவு போக்கு நின்றது. புதன்கிழமை காலையில் மஞ்சள் நுரையாக வாந்தி. வாட்ஸ்அப்பில் கேட்டேன். "மருந்து வேலை செய்யுதுக்கா, இன்னும் ஒரு நாள் பாருங்க" என்று பதில் வந்தது. சாயங்காலம் கறுப்பாகப் போனான். அதையும் கேட்டேன். கறுப்புத் தூள் கொடுத்தால் கறுப்பாகத்தான் போகும் என்றார். அது உண்மைதான், கரித்தூள் அப்படித்தான். ஆனால் வயிற்றிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிந்தாலும் மலம் தார் மாதிரி கறுப்பாகத்தான் வரும். எது எதனால் என்று பார்க்க முடியாதபடி அந்தத் தூள் எங்கள் கண்ணைக் கட்டிவிட்டது. நாற்றம் மட்டும் வேறாக இருந்தது. துருப்பிடித்த இரும்பையும் கெட்டுப்போன இறைச்சியையும் சேர்த்து வைத்தது போல. துடைத்த துணியை அலசக்கூட முடியாமல் தூக்கிப் போட்டேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளுத்துக் காய்ந்து, விரல் வைத்தால் ஒட்டியது. கழுத்துத் தோலை இழுத்து விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டதற்கு அதுதான் அடையாளம் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

கிளினிக்கில் டாக்டர் முதலில் கேட்டது, "என்ன மருந்து கொடுத்தீங்க?" பையை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் தெரியாமல் அதற்கு மேல் எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று அவரே யோசிக்க வேண்டியிருந்தது. பஞ்சுக்குச்சியில் மலத்தை எடுத்துச் சோதித்தார். பத்து நிமிடத்தில் இரண்டு கோடு. பார்வோ.

பார்வோ வைரஸ் குடலின் உட்பக்கத்தையே அரித்துவிடும். அதைக் கொல்லும் மாத்திரை எதுவும் கடையில் கிடையாது. டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி தொற்றாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான குட்டிகள் பிழைத்துவிடும். வைத்தியம் இல்லாவிட்டால் பெரும்பாலானவை இறந்துவிடும். நாங்கள் இழந்த இரண்டு நாள் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் உறைத்தது.

பிறகு ஊசி அட்டையைக் கேட்டார். தடுப்பூசி போட்டால் மருந்துக் குப்பியில் இருக்கும் ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டி, பக்கத்தில் கால்நடை மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் அட்டையில் பேனாவில் எழுதிய தேதி மட்டும்தான் இருந்தது. உள்ளே என்ன போனது என்று யாருக்கும் தெரியாது. சரியான ஊசியாகவே இருந்தாலும் ஒன்று போதாதாம். ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும் வரை இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டும்.

எல்லா வயிற்றுப்போக்கும் பார்வோ இல்லை. சாப்பாட்டைத் திடீரென்று மாற்றினால், குப்பையைக் கிளறித் தின்றால், பால் குடித்தால், வயிற்றில் பூச்சி இருந்தால்கூட வயிற்றுப்போக்கு வரும். ஊசி எல்லாம் போட்ட பெரிய நாய், சுறுசுறுப்பாக இருந்து, தண்ணீர் குடித்து, ரத்தமும் வாந்தியும் இல்லையென்றால் ஒரு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். தோலும் எலும்பும் எடுத்த கோழியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, ஒரு பங்கு கோழிக்கு இரண்டு பங்கு குழைந்த சோறு சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நான்கைந்து வேளை கொடுங்கள். உப்பு, எண்ணெய் வேண்டாம். நாம் காய்ச்சலுக்குக் குடிக்கும் பூண்டுக் கஞ்சியும் ரசம் சோறும் வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம். குட்டியைப் பட்டினி போடாதீர்கள். குட்டிக்கு ஒத்திப்போடவும் வேண்டாம், அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். மனிதர் மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். போக்கை நிறுத்தும் மாத்திரை கிருமியைக் குடலுக்குள்ளேயே தேக்கிவிடலாம், கோலி வகை நாய்களில் பலவற்றுக்கு அது மூளைக்கே ஏறிவிடும்.

மணி ஆறு நாள் டிரிப்பில் கிடந்து பிழைத்தான். 2,150 வெள்ளி ஆனது. வீட்டை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு ஒரு பங்கு குளோரோக்ஸ் பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தோம். அந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் அந்தக் கடை மீது மனு கொடுக்கப் போகிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் இருக்கின்றன.

"நேத்துகூட ரெண்டு குட்டிக்கு இதே மாதிரி" என்றாரே, அந்தக் குட்டிகள் என்ன ஆயின என்று கேட்டு எழுதினேன். படித்துவிட்டார், பதில் இல்லை. அந்தக் குட்டிகளின் வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். மீதி இரண்டு மாத்திரையோடு அந்தப் பை இன்னும் என்னிடம் இருக்கிறது.