ஏணியா, தொங்குபரணா, கிளைம்பரா: திருமலைக் காட்டோரத்துக்கு எந்த மரப்பரண் சரி

கனடாவில் இருக்கும் என் மச்சான் மான் வேட்டைக்காரன். வீடு மாறும்போது வைக்க இடமில்லை என்று, மானுக்காக உயரத்தில் ஏறிக் காத்திருக்கிற தன்னுடைய மரப்பரண்கள் எல்லாவற்றையும் பெட்டி போட்டுக் கப்பலில் எனக்கு அனுப்பிவிட்டான். துவக்கு எதுவும் வரவில்லை, பரண் மட்டும்தான். ஏணிப்பரண், மரத்தில் பட்டி போட்டு இறுக்கும் தொங்குபரண், ஆளோடு சேர்ந்து மரத்தில் ஏறும் கிளைம்பர், மரமே தேவையில்லாமல் மூன்று காலில் நிற்கும் முக்காலிப்பரண் என்று நான்கு வகை. இங்கே திருகோணமலையில், தம்பலகாமத்தில் எங்கள் வயலோரம், குச்சவெளிப் பக்கம் மைத்துனரின் தோட்டம், பிறகு ஒரு குளக்கரை என்று மாறி மாறிக் கட்டிப் பார்த்தாயிற்று. இப்போது வெளிநாட்டில் ஆள் இருக்கிறவர்கள் எல்லாம் "எதை எடுப்பிக்கலாம்" என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லிக் களைத்துவிட்டேன்.

வேட்டைக்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் இல்லை. புள்ளிமானோ மரையோ, இங்கே சுடக்கூடாது, 1937ஆம் ஆண்டிலேயே வந்த வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில்தான் இருக்கிறது. நான் ஏறுவது கமராவோடு, இல்லாவிட்டால் பன்றிக் காவலுக்கு. மான் பார்ப்பது மட்டும்தான் ஆசை என்றால் அதற்கும் பரண் வேண்டாம், கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் ஒருக்கா நின்றால் போதும், புள்ளிமான் உங்கள் கையில் இருக்கிற வாழைப்பழத்தைத் தேடி வரும். ஆனால் அவை டவுன் மான்கள். அந்திப்பட்ட நேரம் காட்டோரத்தால் ஒவ்வொரு அடியாக யோசித்து யோசித்து வெளியே வரும் மான் வேறு சாதி, காதைத் திருப்பிக்கொண்டே நிற்கும், ஒரு சுள்ளி முறிந்தால் போதும், ஆளைக் காணமாட்டீர்கள்.

மேலே ஏறி இருப்பதன் காரணம் இதுதான். மானுக்கு ஆபத்து பெரும்பாலும் நிலமட்டத்தில்தான் வரும், அண்ணாந்து பார்க்கும் பழக்கம் குறைவு. நம்முடைய வாடையும் ஓரளவு அதன் மூக்குக்கு மேலால் போய்விடும். அமெரிக்கா, கனடாவில் 15 முதல் 20 அடி உயரத்தில் கட்டுகிறார்கள். அதற்கு மேலே போவதால் பெரிய இலாபம் இல்லை, மரம் ஆடுவதுதான் மிச்சம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் 15 அடியே போதும் போதும் என்றாகிவிடும். ஆனால் அங்கே இல்லாத ஒரு தொல்லை இங்கே உண்டு, மந்தி. மானுக்கு மேலே மரத்தில் மந்திக் கூட்டம் மேய்கிறது, அது உங்களுக்குச் சமமான உயரத்தில் இருந்து முகத்துக்கு முகம் பார்க்கும், ஒரு சத்தம் போடும், கீழே நின்ற மான் முழுதும் பறந்துவிடும். மந்தி தங்குகிற மரங்களுக்குப் பக்கத்தில் எந்த விலைப் பரணைக் கட்டினாலும் வீண்.

சரி, ஏணிப்பரண். பார்த்தவுடன் எல்லாருக்கும் பிடிப்பது இதுதான், ஏணியோடு சேர்ந்த இருக்கை, முன்னால் கை வைக்கக் கம்பி, பயமில்லாமல் ஏறலாம், வயதானவர்களும் ஏறலாம். மோசமில்லை. ஆனால் 30 கிலோவுக்குக் குறையாத இரும்பு, நிமிர்த்துவதற்கு மூன்று பேர் வேண்டும், ஒருவர் கீழே காலை மிதித்துப் பிடிக்க மற்ற இருவர் கயிறு போட்டு நிமிர்த்த வேண்டும். மேலே பட்டி இறுக்கும்வரை அது ஒரு பக்கமாகச் சரியலாம், விபத்து நடப்பது அந்த இடத்தில்தான். ஏணியின் நடுவில் மரத்தோடு தொடுக்கும் ஒரு குறுக்குக் கம்பி இருக்கிறது, அதை "தேவையில்லை" என்று விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் நடுவில் ஆள் நிற்கும்போது ஏணி உள்ளுக்கு வளையும்.

எங்களுக்கு வந்த ஏணிக்கு நட்டு, போல்ட் பை வரவே இல்லை. பெட்டியை ஏற்றிய கம்பனிக்கு எழுதினால் "பெட்டி முத்திரையோடுதான் வந்தது" என்று ஒரே பதில். டவுன் இரும்புக்கடையில் மில்லிமீட்டர் போல்ட்தான் கைக்கு வரும், அமெரிக்கச் சாமானோ அங்குலக் கணக்கு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 5/16 அங்குலப் போல்ட்டும் 8 மில்லிமீட்டர் போல்ட்டும் பார்வைக்கு ஒன்றே, ஓட்டைக்குள் இரண்டும் போகும், ஆனால் சுற்றி வெட்டிய மரை வேறு. அங்குல போல்ட்டில் மில்லிமீட்டர் நட்டைப் போட்டால் முதலில் இரண்டு சுற்று நல்ல பிள்ளை மாதிரிப் போகும், பிறகு இறுகி நிற்கும், "இறுகிவிட்டது" என்று நாமும் நினைப்போம், உண்மையில் மரை தின்றுபோய் நிற்கிறது. ஆகவே போல்ட், நட்டு இரண்டையும் ஒரே கணக்கில் புதிதாக வாங்குங்கள், தலையில் 8.8 என்று அடித்ததாகப் பார்த்து. செலவு சொற்பம்.

அப்புறம் யானை. வெள்ளைவால் மான் இருக்கிற நாட்டில் ஏணிப்பரண் செய்தவன் யானையை நினைத்திருக்க மாட்டான். எங்கள் ஏணியின் கீழ்த்துண்டை ஒன்று உரசியதோ தள்ளியதோ தெரியாது, காலையில் போனால் கீழ் இரண்டு படிகளும் ஒரு பக்கமாக முறுகிக் கிடந்தன, மரத்தில் சேறு பூசின அடையாளம் என் தோளுக்கு மேலே. வெல்டிங் கடையில் நிமிர்த்தி உள்ளே இன்னொரு குழாய் செருகி ஒட்டித் தந்தார்கள், இப்போது முந்தியதைவிடப் பலம். யானைப்பாதை இல்லாத, வேலி போட்ட தோட்டத்துக்கு ஏணி சரி. ஆனால் அதற்காகக் கப்பலில் எடுப்பிக்க வேண்டாம், அமெரிக்காவில் 100 முதல் 250 டொலர் போகும் சாமானுக்குக் கப்பல்கூலி வேறு. துரு பிடிக்காமல் நாகம் பூசிய ஜி.ஐ. பைப் வாங்கிக் கொடுத்தால் இங்கேயே செய்வார்கள். குச்சவெளி போலக் கடலை அண்டிய இடத்துக்கு இங்கே செய்ததுதான் நல்லதும்கூட, மச்சான் அனுப்பியதில் கறுப்புப் பெயின்ட் செதில் செதிலாகக் கழன்று உள்ளே துரு பிடித்துவிட்டது.

என் ஓட்டு தொங்குபரணுக்கு. ஒரு சின்னத் தட்டு, மேலே ஒரு இருக்கை, பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் ஒரு ராட்செட் பட்டி, அவ்வளவுதான். 5 முதல் 9 கிலோ, தோளில் போட்டுக்கொண்டு வரம்பில் நடக்கலாம். ஏறுவதற்குத் தனியாகப் படிக்கம்பிகள் உண்டு, மூன்று நான்கு துண்டு, ஒவ்வொன்றையும் மரத்தில் பட்டி போட்டு இறுக்கி அதில் மிதித்து அடுத்ததைக் கட்டவேண்டும். இறங்கும்போது கீழ்த்துண்டைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்துவிட்டால் வேறு யாரும் ஏறவும் மாட்டார்கள், யானை பிடித்து இழுக்கவும் ஒன்றும் இல்லை. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். மரம் நேராக இருக்கவேண்டும் என்றில்லை, கொஞ்சம் சரிந்த மரத்துக்கும் சில மாதிரிகளில் தட்டைச் சமப்படுத்தலாம். குளக்கரை மருதுதான் இதற்கு முதல்தரம், அடி பருத்து உறுதியாக நிற்கும், ஆனால் பட்டி எட்டுகிற அளவு தண்டாகப் பார்க்கவேண்டும், கிழட்டு மருதைச் சுற்ற எந்தப் பட்டியும் காணாது. வீரையும் நல்லது. பாலை மரம் வைரம், ஆனால் பழக்காலத்தில் அதில் கட்டவேண்டாம், பாலைப்பழத்துக்குக் கரடி ஏறும், கரடிக்கும் உங்களுக்கும் ஒரே படி. எந்த மரமானாலும் ஏறுமுன் முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். அமெரிக்கக் கையேட்டில் முசுறு பற்றி ஒரு வரியும் இல்லை, 15 அடி உயரத்தில் சட்டைக்குள் முசுறு புகுந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

தொங்குபரணின் குறை என்னவென்றால், படிக்கம்பியிலிருந்து தட்டுக்குக் கால் மாற்றுகிற அந்த ஒரு நிமிடம். மரப்பரணிலிருந்து விழுகிறவர்கள் பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும் இப்படிக் கால் மாற்றும்போதும்தான் விழுகிறார்கள், மேலே போய் இருந்த பிறகு அல்ல. அதனால் நிலத்தில் கால் இருக்கும்போதே ஹார்னஸ் போட்டு, தரையிலிருந்து உச்சிவரை தொங்கும் கயிற்றில், கையால் தள்ளினால் நகர்ந்து பாரம் விழுந்தால் இறுகிப் பிடிக்கும் புருசிக் முடிச்சோடு கொளுவிக்கொண்டு ஏறவேண்டும். தட்டு கடைசிப் படிக்கு மேலே அல்ல, கொஞ்சம் கீழே இருக்கும்படி கட்டினால் இறங்கி மிதிக்கலாம், எக்கி ஏறவேண்டியதில்லை. கமராப் பையைத் தோளில் போட்டு ஏறாதீர்கள், கயிற்றில் கட்டிப் பிறகு இழுங்கள்.

ஹார்னஸ் என்றால் தோள், நெஞ்சு, இரு தொடை எல்லாம் சேர்த்துப் பிடிக்கிறது. இடுப்பில் மட்டும் கட்டும் பட்டி வேண்டவே வேண்டாம், விழுந்தால் அது நெஞ்சுக்கு ஏறி மூச்சைப் பிடிக்கும். முழு ஹார்னஸிலும் அசையாமல் நெடுநேரம் தொங்கினால் இரத்தம் காலிலேயே தேங்கி ஆள் மயங்கலாம், அதற்காகக் கால் மிதித்து நிற்க ஒரு தடம்பட்டி அதோடு வரும், அதைப் பையில் மடித்து வைக்காமல் கைக்கெட்டுகிற இடத்தில் வையுங்கள். மச்சானின் ஹார்னஸை நான் பாவிக்கவில்லை. செய்த திகதியிலிருந்து 5 வருடம் என்பதுதான் கம்பனிகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு, அவனுடைய சீட்டில் இருந்த திகதி அதைத் தாண்டிவிட்டது. பரணைப் பழையதாக வாங்கலாம், ஹார்னஸைப் பழையதாக வாங்கக்கூடாது. மரத்தில் இறுக்கும் பட்டிகளுக்கு 2 வருடம் என்கிறார்கள், நம் வெயிலுக்கு அதுவே கூட. பட்டியை மடித்துப் பாருங்கள், நிறம் வெளிறி நூல் பிசிறினால் குப்பைக்குப் போடுங்கள். பெரும்போக மழைக்கு முன் பரணைக் கழற்றிவிடுவது நல்லது, மரம் பருக்கும்போதும் பட்டி அறும். மாதிரிகள் பலதில் 300 இறாத்தல் தாங்கும் என்று இருக்கும், 136 கிலோ. அது ஆளும் சாமானும் சேர்ந்த கணக்கு.

கிளைம்பர் பற்றி எனக்கு நல்ல வார்த்தை வரவில்லை. இரண்டு துண்டு, மேல்துண்டை உயர்த்தி அதில் கையூன்றி, கீழ்த்துண்டைக் காலால் இழுத்து, எழும்பி இருந்து எழும்பி இருந்து ஏறவேண்டும். கிளையே இல்லாத நேரான மரம் வேண்டும். அப்படி மரம் என்றதும் நம்மவர்கள் பனையைக் காட்டுகிறார்கள். மரத்தைக் கவ்வ இதில் பல் இருக்கிறது, அது மெத்தென்ற பட்டையில் பதிவதற்குச் செய்தது, பனையின் கறுப்பு வைரத்தில் பதியாமல் கிறீச்சென்று சறுக்குகிறது. தென்னை வளைவு. மற்ற மரமெல்லாம் ஆள் உயரத்திலேயே கிளை விடும். பனை ஏறத் தெரிந்த ஒரு அண்ணர் இதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை மாட்டுற நேரத்துக்கு நான் ஏறி இறங்கிடுவன்" என்றார், கதை முடிந்தது. எடுத்தே தீருவேன் என்பவர்கள் இரண்டு துண்டையும் ஒரு கயிற்றால் தொடுத்துக்கொள்ளுங்கள், கீழ்த்துண்டு காலிலிருந்து கழன்று விழுந்தால் மேலேயே நிற்கவேண்டியதுதான். இப்போது அங்கே சேணம் மாதிரி ஒரு தொங்கு பட்டியிலேயே இருந்து வேட்டையாடுகிறார்களாம், பாரம் குறைவு என்று எல்லாரும் அதற்கு மாறுகிறார்கள் என்றான் மச்சான். நான் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை.

வயல் காவல்தான் தேவை என்றால் இவை ஒன்றுமே வேண்டாம். காட்டுத்தடி நட்டு, குறுக்கே தடி பரவி, மேலே கிடுகு வேய்ந்த நம்முடைய காவல்பரணில் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம், தேத்தண்ணிப் போத்தல் வைக்கலாம், மாறி மாறி நித்திரை கொள்ளலாம், பன்றி வந்தால் தகரம் தட்டலாம். விடிய விடிய இருக்கிற வேலைக்கு ஒரு சாண் இருக்கையில் நேராகக் குந்தியிருப்பது தண்டனை. அந்த இருக்கைகள் எல்லாம் குளிர்கால உடுப்புப் போட்ட ஆளுக்கு அளந்தவை, சாரத்தோடு இருந்தால் வலைக்கம்பி தொடையில் அச்சுக் குத்திவிடும்.

முக்காலிப்பரண், மரமில்லாத வெளிக்கு என்று நம்பித் தம்பலகாமத்தில் வயல் நடுவே நிறுத்தினோம். காய்ந்த நிலத்தில் அசையாமல் நின்றது, தண்ணீர் கட்டிய பிறகு ஒரு கால் சேற்றில் இறங்கி முழுதும் கோணிவிட்டது. பலகை வைத்துப் பார்த்தோம், பலகையும் இறங்கியது. மேட்டுநிலச் சோளம், கச்சான் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நிச்சயம் உதவும், நல்ல நிலையில்தான் இருக்கிறது, போல்ட் எல்லாம் புதிது. வேண்டியவர்கள் லாண்ட்மாஸ்டரோடு வந்து ஏற்றிக்கொண்டு போகலாம், விலை பேசிக்கொள்வோம்.