சீரமைத்த பழைய ரைடிங் மோவர்: 200 மணி நேரத்தில் தாங்கியதும் தாங்காததும்

பழைய ரைடிங் மோவர் (ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டும் வண்டி) கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் கார்புரேட்டரைத்தான் கழற்றுவார்கள். இன்ஜின் ஒரு தடவை ஓடிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டதாக நினைப்பு. நாலைந்து சீசன், அதாவது ஏறக்குறைய 200 மணி நேரம் ஓடிய பிறகு பார்த்தால் கணக்கு வேறு. ஒழுங்காகச் செய்த இன்ஜின் வேலை அப்படியே நிற்கும். திரும்பத் திரும்ப ஸ்பேனர் எடுக்க வைப்பது டெக்கும் (பிளேடு சுழலும் அடிப்புறத் தகட்டுக் கூடு), எர்த் முனைகளும் (பேட்டரி மைனஸ் வயர் ஃபிரேமைத் தொடும் இடங்கள்) தான். இங்கே பேசுவது செங்குத்து ஷாஃப்ட், ஒற்றை சிலிண்டர் ஓஹெச்வி (வால்வுகள் சிலிண்டர் ஹெட்டில் உள்ள) இன்ஜின், 12 வோல்ட் பேட்டரி உள்ள வீட்டு மோவரைப் பற்றி.

சாவியைத் திருப்புவதற்கு முன் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, அளவும் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவைத் தடுக்கும் நீடில் வால்வு சரியாக மூடவில்லை. டேங்க்கில் இருந்த பெட்ரோல் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் போய், ரிங் வழியாக ஆயிலில் கலந்திருக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் கனெக்டிங் ராட் பிடித்துக்கொள்ளும். ஆயிலை மாற்றி, பிளக்கைக் கழற்றி, கையால் நாலு சுற்று சுற்றிய பிறகுதான் செல்ஃப் போட வேண்டும். இந்த ரக இன்ஜினுக்குப் பெரும்பாலும் ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான எஸ்ஏஇ 30 ஆயில் போதும். அப்படியே விசிறி மூடியையும் தூக்கிப் பாருங்கள். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் எலி கூடு கட்டியிருக்கும். கூலிங் ஃபின்கள் அடைத்தபடி ஓடினால் ஹெட் கேஸ்கெட் போவது உறுதி.

அதிகம் ஏமாற்றுகிற கோளாறு ஒன்று உண்டு. செல்ஃப் போட்டால் இன்ஜின் அரைச்சுற்று சுற்றி, கம்ப்ரஷன் வரும் இடத்தில் முட்டி நின்றுவிடும். உடனே புது பேட்டரி, அப்புறம் புது செல்ஃப் மோட்டார் என்று பணம் போகும். உண்மைக் காரணம் டேப்பெட் கிளியரன்ஸாக, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியாக இருக்கலாம். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டில் உள்ள கம்ப்ரஷன் ரிலீஸ் என்ற சின்ன மேடு, ஸ்டார்ட் ஆகும்போது ஒரு வால்வை மயிரிழை அளவுக்குத் திறந்து அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விட வேண்டும். இடைவெளி கூடிவிட்டால் அந்தச் சின்னத் தூக்கல் வால்வை எட்டுவதே இல்லை. பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சிக்கு வந்ததும், அதைத் தாண்டி கீழே 6 மில்லிமீட்டர் இறக்கி நிறுத்துங்கள். உச்சியிலேயே அளந்தால் ரிலீஸ் மேடு குறுக்கே நின்று தப்பான அளவு காட்டும். ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இன்டேக் 0.10, எக்ஸாஸ்ட் 0.15 மில்லிமீட்டர் வாக்கில் வைப்பது பல இன்ஜின்களுக்குப் பொருந்தும். ஆனாலும் உங்கள் மாடலின் மேனுவலில் உள்ள அளவே இறுதி. அரை மணி நேர வேலை; செலவு ஒரு மூடி கேஸ்கெட்.

கார்புரேட்டரில் சொல்ல அதிகம் இல்லை. இன்ஜின் ஒரே சீராக ஓடாமல் ஏறி இறங்கி மூச்சு வாங்கினால் ஜெட்டில் பழைய பெட்ரோல் பிசின் பிடித்திருக்கிறது. பித்தளை ஜெட்டுக்குள் ஊசியை விட்டால் துளை அகன்றுவிடும். மின்வயரில் இருந்து உருவிய ஒற்றைச் செப்பு இழையும் கிளீனர் ஸ்ப்ரேயும் போதும். சாவி போட்டதும் பவுலுக்கு (கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணம்) அடியில் உள்ள சொலினாய்டு (பெட்ரோல் வழியைத் திறக்கும் மின் வால்வு) 'டிக்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், பெட்ரோல் இருந்தும் இன்ஜின் பிடிக்காது. நீடில், சீட், பவுல் கேஸ்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இனி, சீரமைப்பே கொண்டுவரும் கோளாறு. ஃபிரேமுக்கு அழகாகப் பெயின்ட் அடிப்போம். எர்த் வயர் உட்காரும் இடத்திலும் பெயின்ட் ஏறிவிடும். வண்டி ஒரு மாதம் ஓடும், பிறகு 'டக்' என்ற சத்தத்தோடு சரி. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் போடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி பேட்டரி அல்ல, எர்த் பாதைதான். அந்த இடத்தைப் பளிச்சென்று சுரண்டி, பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் வருஷக்கணக்கில் நிற்கும். சீட் சுவிட்ச் தொல்லை தருகிறது என்று வயரை முறுக்கி ஒட்டிவிடும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆள் விழுந்தால் பிளேடை நிறுத்துவது அதுதான். பெரும்பாலும் கனெக்டரைச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும்.

டெக்கில் கை வைக்கும் முன் பிளக் வயரையும் பேட்டரி மைனஸையும் கழற்றுங்கள். பிளேடு நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஸ்பிண்டில் (பிளேடைச் சுழற்றும் தண்டு) பேரிங் போய்விட்டது. முழு ஸ்பிண்டில் வாங்குவதைவிட, பழைய வார்ப்புக் கூடு உடையாமல் இருந்தால் பேரிங் மட்டும் மாற்றுவதே நல்லது. பல மாடல்களில் 6203 அல்லது 6204 எண் பேரிங்தான் இருக்கும். இருபக்கமும் ரப்பர் சீல் உள்ள பேரிங்கைப் போட்டுவிட்டு கிரீஸ் நிப்பிளில் கிரீஸ் அடித்தால் ஒரு துளிகூட உள்ளே போகாது. நிப்பிள் உள்ள வார்ப்பு என்றால் உள்பக்க சீலை மட்டும் கத்தி முனையால் நெம்பி எடுத்துவிட்டுப் பொருத்துங்கள். தண்ணீர்க் குழாய் மாட்டி டெக்கைக் கழுவும் வசதி பேரிங்குக்கு எமன். சுரண்டி எடுப்பதே மேல்.

டெக்கின் அடிப்புறத்துக்குப் பெயின்ட் அடிப்பது வீண். மண்ணும் புல்லும் மோதி முதல் சீசனிலேயே உரிந்துவிடும். மேற்புறத்துக்கு ரெட் ஆக்சைடு பிரைமரோடு அடித்தால் நிற்கும். அங்கேயும் பெல்ட் மூடிக்கு அடியில் ஈரப்புல் தேங்க விட்டால் துரு அங்கிருந்துதான் துளைக்கும்.

பெல்ட்டில் சிக்கனம் பார்த்தவர்கள் இரண்டு முறை வாங்குவார்கள். கார் வகை வி-பெல்ட் எப்போதும் இறுக்கமாக ஓடுவதற்கானது. மோவர் பெல்ட்டோ, ஒவ்வொரு முறை பிளேடைப் போடும்போதும் புல்லியில் வழுக்கிப் பிடிக்க வேண்டும். கெவ்லார் இழை உள்ள, அதற்கென்றே செய்த பெல்ட்தான் சரி. அதுவும் சீக்கிரம் தேய்ந்தால் ஐட்லர் புல்லி (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சக்கரம்) பேரிங்கையும், வளைந்து போன பெல்ட் காவல் கம்பியையும் பாருங்கள்.

கடைசியாக டெக்கின் லெவல். டயர்க் காற்றைச் சரிபார்த்த பிறகுதான் அளக்க வேண்டும். முன்னால் 14, பின்னால் 10 பிஎஸ்ஐ என்பது பரவலான அளவு. இடவல வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். பிளேடின் முன்நுனி பின்நுனியைவிட 3 முதல் 10 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கட்டும். சாணை பிடித்த பிளேடை ஆணியில் தொங்கவிட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்காமல் மாட்டினால், மாற்றிய பேரிங் அடுத்த சீசனைப் பார்க்காது.

பின்சக்கரத்தைக் கழற்ற நேர்ந்தால் ஆக்சில் முழுக்க ஆன்டி-சீஸ் (துருப்பிடித்து ஒட்டாமல் தடுக்கும் பசை) தடவி மாட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை புல்லர் போட்டாலும் வராது.

டேங்க்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே, கால் அங்குலக் குழாயில் ஒரு சின்னப் பெட்ரோல் டேப் போடுங்கள். வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் மூடிவிட்டால், நீடில் வால்வு கசிந்தாலும் ஆயிலில் பெட்ரோல் கலக்காது. சீசன் முடிவில் டேப்பை மூடி, இன்ஜினைத் தானாக நிற்கும் வரை ஓட விட்டால் ஜெட்டில் பிசினும் பிடிக்காது.