ஹெரால்டும் எண்ணூறும்: ரிப்பேருக்குப் பின்

பழைய கார் வாங்க ஆசைப்படும் நண்பர் ஒருவர், "ஸ்டாண்டர்டு ஹெரால்டா, மாருதி 800-ஆ? உங்ககிட்டதான் ரெண்டும் இருக்கே, சொல்லுங்க" என்றார். கேட்ட நேரம் சரியில்லை. ஹெரால்டு அப்போதுதான் முன்சக்கர வேலை முடிந்து, என் பர்ஸைக் காலி செய்துவிட்டு வீடு திரும்பியிருந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1960களில் வண்டலூரில் தயாரான இந்தக் கார் திரும்புகிற அழகு இருக்கிறதே! முழு வட்டம் அடிக்க ஏறக்குறைய 25 அடி போதும். 1983-இல் வந்த, நீளத்திலும் குறைந்த 800-க்கு 29 அடி வேண்டும். எங்கள் தெருவில் 800 ஒருமுறை ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்பும். ஹெரால்டு ஒரே வீச்சில் திரும்பிவிடும். பானெட்டும் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்னால் சாயும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு பிளக் கழற்றலாம்.

சரி, இனி வயிற்றெரிச்சல். சக்கரம் அவ்வளவு தூரம் திரும்புவது டிரன்னியன் என்ற பித்தளைப் பாகத்தின் மேல்தான். இரும்புத் தண்டின் மரை அதற்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் மரை சுழலும். அதற்கு விட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். நான் விட்ட ஒர்க்‌ஷாப்பில் பழகின கையோடு கிரீஸ் கன்னை வைத்து அமுக்கியிருக்கிறார்கள். கிரீஸ் அடி மரைவரை சரியாகப் போகாது, தண்ணீர் போய்விடும். ஸ்டியரிங் இறுகுகிறதே என்று பிரித்தால், மரையைத் துரு தின்றிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் தண்டு முறிந்து சக்கரம் படுத்திருக்கும். பாகம் இங்கிலாந்தில் இன்னும் கிடைக்கிறது. விலையோடு சுங்க வரியையும் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வண்டி மேல் தப்பில்லை, தெரியும். அதற்காகக் கோபம் அடங்குமா?

800-ஐப் பற்றி எழுத என்ன இருக்கிறது? சாவியைத் திருகினால் கிளம்பும். மூன்று சிலிண்டர் என்பதால் ஐடிலில் கொஞ்சம் உதறும். பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். மழை நாளில் நான் எடுப்பது இதைத்தான். இறங்கிக் கதவைச் சாத்தியதும் ஓட்டி வந்ததே மறந்துவிடும், அதுதான் குறை.

ஆகவே நண்பரே, ஹெரால்டு வேண்டவே வேண்டாம். 800 வாங்குங்கள். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காமல், கால்மிதியைத் தூக்கித் தரைத்தகட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பொருபொருவென்று உதிர்ந்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.