வாட்டர்லோ பூங்கா, ஹைகேட்: மாளிகைத் தோட்டம் ஊருக்குப் பொதுவானது

லண்டனில் ஆர்ச்வே ரயில் நிலையத்தில் இறங்கி ஹைகேட் மேட்டில் ஏறினால் வாட்டர்லோ பூங்கா வந்துவிடும். ஏற்றம் செங்குத்து. மூட்டுவலி உள்ளவர்கள் 210 பேருந்தில் மேலே போய், லாடர்டேல் மாளிகைப் பக்கமாக நுழைந்து கீழ்நோக்கி நடக்கலாம். கட்டணம் இல்லை.

மாளிகை 1582-இல் கட்டப்பட்டது. அதன் உரிமையாளர் சர் சிட்னி வாட்டர்லோ, 1872-இல் நோயாளிகள் உடல் தேறுவதற்காக அதை ஒரு மருத்துவமனைக்கு இரவலாகக் கொடுத்தார். 1889-இல் வீட்டோடு நிலத்தையும் லண்டன் கவுண்டி கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 'தோட்டம் இல்லாதவர்களுக்கு ஒரு தோட்டம்' என்று சொல்லிக் கொடுத்த நிலம், இன்று சுமார் 26 ஏக்கர். கையில் குடையோடு அவர் சிலை உள்ளே நிற்கிறது.

இந்தப் பூங்காவின் பெரிய பலம், நிலத்தைச் சமப்படுத்தாமல் விட்டது. மேட்டின் உச்சியில் மணல், அடியில் களிமண். மணலில் இறங்கும் மழைநீரைக் களிமண் தடுக்க, அது சரிவில் ஊற்றாகக் கசிகிறது. மூன்று குளங்களுக்கும் ஊற்றுநீர்தான். தொல்லையும் அதிலேதான். குளிர்காலத்தில் சரிவுப் புல்வெளி சொதசொதவென்று கிடக்கும். பிடிமானமுள்ள பூட்ஸ் இல்லாமல் பாதையை விட்டு இறங்காதீர்கள். ஈரக் களிமண் மிதிபட்டால் இறுகி, காற்றுப் புகாமல் புல்வேர் அழுகும். அதன்மேல் வெறுமனே விதை தூவினால் பிடிக்காது. ஈரம் வடிந்தபின் நான்கு அங்குல ஆழத்துக்குத் துளை போட்டு, மணல் நிரப்பி, அதன்பிறகே விதைக்க வேண்டும். முளைத்துத் திடப்படும்வரை ஆள் நடமாட்டமே கூடாது. வேலி கட்டிய இடத்தைத் தாண்டுவோர் அந்த உழைப்பு முழுவதையும் மிதிக்கிறார்கள்.

வாத்துகளுக்கு ரொட்டி வேண்டாம். ஊறிய ரொட்டி குளத்தில் அழுகிப் பாசியை வளர்க்கும்.

1963-இல் பழுதுபார்க்கும்போது மாளிகையில் தீப்பிடித்தது; 1978-இல்தான் மறுபடி திறந்தார்கள். இன்று கண்காட்சி, இசை, குழந்தைகளுக்கான வகுப்பு, தேநீர் என்று அது ஓயாமல் இயங்குகிறது. பழைய வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டுத் தோட்டத்தை மட்டும் திறந்துவிடும் ஊர்கள் இதைப் பார்க்க வேண்டும். மழைக்கு ஒதுங்க ஒரு கூரை இருப்பதால்தான் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் இங்கே தயங்காமல் வருகிறார்கள்.

குறை என்றால் சரிவுதான். சக்கர நாற்காலியில் வருவோருக்கு மாளிகையைச் சுற்றிய மேல்பகுதி வசதி. குளம்வரை இறங்கினால் திரும்பி ஏறத் துணைக்கு ஆள் வேண்டும்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறோம். கார்ல் மார்க்ஸ் கல்லறை பக்கத்து ஹைகேட் இடுகாட்டில் இருக்கிறது. ஸ்வெய்ன்ஸ் லேன் வாசலில் வெளியேறினால் கிட்டம். அங்கே மட்டும் கட்டணம் உண்டு.