முழங்கால் மாற்ற யாழ்ப்பாணமா, கொழும்பா, சென்னையா?

கிளிநொச்சி வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடையில் முப்பது அடிதான். அந்த முப்பது அடிக்குள் மாமி முழங்கால் வலியில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கத் தொடங்கியதும், ஆளாளுக்கு ஒரு ஊரைச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் அரசாங்க வைத்தியசாலை, காசு கட்டத் தேவையில்லை என்றார் சித்தப்பா. கொழும்பில் தனி அறை என்றார் மைத்துனர். சென்னைக்குக் கொண்டுபோங்கோ, நான் காசு போடுறன் என்று கனடாவில் இருந்து போன் வந்தது.

கடைசியில் இடது முழங்காலைக் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் மாற்றினோம். இரண்டு வருடம் கழித்து வலதை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் மாற்றினோம். சென்னைக்குப் போனது பக்கத்து வீட்டு அக்கா. ஆகவே மூன்றையும் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன்.

அதற்கு முதல் நாலாவது வழி ஒன்று இருக்கிறது: இப்போதைக்கு வெட்டாமல் இருப்பது. தொடைத் தசைக்குப் பயிற்சி, கொஞ்சம் எடைக் குறைப்பு, கையில் ஒரு தடி, வீட்டில் ஒரு கொமட். இவற்றை ஒழுங்காகச் செய்தாலே பலருக்குச் சத்திரசிகிச்சை சில வருடம் தள்ளிப்போகும். எண்ணெய் போட்டு உருவுவதால் வலி கொஞ்சம் குறையலாம், தேய்ந்த குருத்தெலும்பு திரும்பி வளராது. ஆனால் நான் பயப்படுவது எண்ணெய்க்கு அல்ல, பார்மசியில் சும்மா வாங்கி விழுங்கும் டைக்குளோபினாக் என்ற வலிக் குளிசைக்குத்தான். வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். மூட்டுவலிக்கு இந்தக் குளிசையை மாதக்கணக்கில் போட்டால் சிறுநீரகம் இன்னும் கெடும். இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) பார்க்காமல் அதைத் தொடர வேண்டாம்.

சரி, இரவில் நித்திரை இல்லை, கால் வளைந்துவிட்டது, எக்ஸ்றேயில் எலும்போடு எலும்பு முட்டுகிறது என்றால் மாற்றத்தான் வேண்டும். மாற்றிய முழங்கால்களில் பத்தில் எட்டு 25 வருடம் தாண்டியும் உழைக்கின்றன என்று 2019இல் வந்த ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. எனவே அறுபது வயதுக்கு மேல் செய்பவருக்குப் பெரும்பாலும் ஒரு தரம் போதும். அந்த ஒரு தரம் கிருமி தொற்றாமல் நடக்க வேண்டும் என்பதுதான் முழுக் கவலையும்.

காசை முதலில் பேசிவிடுவோம். யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சைக்கும் வாட்டுக்கும் ஒரு சதமும் இல்லை. ஆனால் பொருத்தும் மூட்டு கையிருப்பில் இல்லாவிட்டால் வெளியே வாங்கச் சொல்லலாம். முதல் கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி கிடைக்குமா என்று பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். கொழும்பில் அறை, தியேட்டர், மயக்க மருந்து வைத்தியர், மூட்டு எல்லாவற்றுக்கும் தனித்தனியே கணக்கு ஓடும், முதலில் சொன்ன தொகையில் நிற்காது. இந்தியாவில் மூட்டு மலிவு என்பது உண்மை. 2017 ஓகஸ்டில் அங்கே அரசு உச்சவிலை வைத்தபோது சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 இந்திய ரூபாவுக்கு இறங்கியது, வரி தனி. ஆனால் அது மூட்டின் விலை மட்டும். வைத்தியசாலைச் செலவு, மருத்துவ விசா, கூடப் போகிறவரின் விசா, தங்குமிடம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கொழும்புக் கணக்குக்குக் கிட்ட வந்துவிடும் என்று அக்காவின் மகன் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் இருப்பது மட்டும் பெரிய வசதி.

காத்திருப்பில் யாழ்ப்பாணம் தோற்றது. கொழும்பில் சனல் பண்ணி (காசு கட்டி வைத்தியரைத் தனியாகப் பார்த்து) இரண்டு கிழமையில் தியேட்டர், யாழ்ப்பாணத்தில் ஒரு வருடத்துக்கும் மேல். அதிலும் கிடைத்த திகதி இரண்டு தரம் தள்ளிப்போனது. முதல் தரம் இரத்தத்தில் சீனி கூட, இரண்டாம் தரம் சிறுநீரில் கிருமி. மைத்துனருக்கு வந்த கோபத்தை அடக்க முடியவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் நல்ல வைத்தியம் என்று நான் சொல்வது இதைத்தான். உடம்பில் எங்கேயாவது கிருமி இருக்கும்போது புது மூட்டை வைத்தால், அது இரத்தத்தோடு ஓடிவந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் மருந்துக்கு லேசில் மசியாது, மூட்டையே கழற்ற வேண்டி வரும். கொழும்பில் மாமியின் சொத்தைப் பல்லை ஒருவரும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிடுங்கிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

தியேட்டருக்குள் நாங்கள் போக முடியாது, வெளியே தெரியும் அடையாளங்களைத்தான் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் அன்று காலை மாமியின் வலது தொடையில் மார்க்கரால் ஒரு அம்புக்குறி போட்டார்கள். பெயர் என்ன, எந்தக் கால் என்று ஒருவர் மாறி ஒருவர் கேட்டார்கள். "தம்பி, இதோட மூண்டு பேர் கேட்டாச்சு. உங்களுக்கு ஒருத்தருக்கும் நினைவிலை நிக்காதோ?" என்று மாமி சினந்தார். நின்றாலும் கேட்கத்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த 19 வரிச் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. எட்டு நாட்டு வைத்தியசாலைகளில் அதைப் பரீட்சித்தபோது சத்திரசிகிச்சைக்குப் பிந்திய மரணம் 1.5 வீதத்தில் இருந்து 0.8 ஆனது. கொழும்பிலும் கேட்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது. அறையும் சாப்பாடும் கொழும்பில்தான் நல்லது. யாழ்ப்பாண வாட்டில் கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி குறைவு, வெக்கையும் அதிகம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. போரில் பட்ட செல் (எறிகணை) துண்டைக் காலில் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் வன்னியில் குறைவில்லை. எப்போதோ சீழ் வைத்து ஆறிய காயம் அந்த முழங்காலுக்குக் கிட்ட இருந்தால், தொற்று வரும் வாய்ப்புக் கூட. வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள். எம்ஆர்ஐ எடுப்பதற்கு முதலும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட காலென்றால் என் வாக்கு யாழ்ப்பாணத்துக்கே, அங்கே இதை நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கண் திறந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான். கொழும்பில் செய்த காலில் பதினோராம் நாள் கட்டு நனைந்திருந்தது. வாட்டுக்குப் போன் எடுத்தால் "கொண்டு வாங்கோ" என்றார்கள். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், வாடகை வான், பின்சீட்டில் காலை நீட்டியபடி மாமி. வழியில் வீக்கம் கூடிவிட்டது. நல்ல காலம், மேல்தோலில்தான் பிரச்சினை, ஒரு தையலோடு முடிந்தது. அடுத்த முறை கட்டு மாற்றக் கிளிநொச்சிக்குப் போனபோது அங்கிருந்த வைத்தியர் "என்ன மூட்டு வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். வைத்தியசாலை எங்களுக்குத் தந்த துண்டில் அது இல்லை. மூட்டு வரும் பெட்டிக்குள் ஒட்டுத்தாள்கள் இருக்கும். கம்பனி, அளவு, தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். ஒன்றை உங்கள் துண்டில் ஒட்டித் தர வேண்டும். கேட்டுக் கேட்டு நாலு நாள் கழித்து வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள்.

சென்னை அக்காவுக்கு இரண்டு காலும் ஒரே தடவையில் செய்தார்கள். வேலை சுத்தம், தழும்பு நேர்கோடு. பதினைந்தாம் நாள் திரும்பி வந்தார். அதன் பிறகு பயிற்சி செய்விக்க ஆள் இல்லை, வலிக்கிறது என்று அவரும் மடக்கவில்லை. முதல் ஆறு கிழமையில் மடக்காத கால் பிறகு மடங்க மறுக்கும். இன்றைக்கும் கதிரையில் இருந்து எழும்ப மகன் கை கொடுக்கிறார். மாமியின் வலது காலுக்கு யாழ்ப்பாணத்தில் அடுத்த நாளே வோக்கரைக் கொடுத்து நிமிர்த்தினார்கள். பிறகு கிழமைக்கு இரண்டு நாள் கிளிநொச்சியில் பிசியோ, ஓட்டோவில் போய் ஓட்டோவில் வந்தோம்.

என்னைக் கேட்கும் ஆட்களுக்கு நான் சொல்வது இதுதான்: பொறுக்க முடிந்தால், சீனி வருத்தமும் இருந்தால், யாழ்ப்பாணம். வலி பொறுக்க முடியாது, காசும் உண்டு, ஆறு கிழமை தங்கக் கொழும்பில் சொந்தக்காரர் வீடும் உண்டு என்றால் கொழும்பு. ஏற்கெனவே மாற்றிய மூட்டு பழுதாகி இரண்டாம் தரம் மாற்ற வேண்டியவர்கள் சென்னையை யோசிக்கலாம், ஆனால் பிசியோவுக்கு இங்கே ஆளைப் பிடித்துவிட்டுப் போங்கள். எங்கே செய்தாலும் அந்த ஒட்டுத்தாள் இல்லாமல் வைத்தியசாலையை விட்டு வெளிக்கிட வேண்டாம். மாமி தன்னுடைய இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, காணிப் பேர்மிட் இருக்கும் பையில் வைத்திருக்கிறார்.