முதல் டிராக் டேவுக்கு எந்த டயர்?

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் சர்க்யூட்டில், சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாளான டிராக் டேவுக்குப் பெயர் கொடுத்ததுமே மனசு டயர் பக்கம்தான் போகும். போலோ, ஸ்விஃப்ட், ஐ20 என எந்த வண்டியாக இருந்தாலும் வழி நாலுதான்: வண்டியோடு வந்த சாதாரண டயர், ஸ்போர்ட்ஸ் ரகச் சாலை டயர், '200 டிரெட்வேர்' ரகம், ஆழமில்லாத கோடுகளோடு ரேஸ் டயரை ஒத்திருக்கும் செமி ஸ்லிக். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் நாளுக்கு வண்டியில் இருப்பதே போதும். அடுத்து வாங்குவதானால் ஸ்போர்ட்ஸ் ரகம். செமி ஸ்லிக் இப்போதைக்கு வேண்டாம்.

டிரெட்வேர் என்பது டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அமெரிக்கத் தர எண். எண் குறையக் குறைய ரப்பர் மென்மையாகவும் பிடிப்பு கூடுதலாகவும் இருக்கும், சீக்கிரம் தேயும் என்று பொதுவாகச் சொல்லலாம். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300, யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09 200, டோயோ ஆர்888ஆர் 100. ஆனால் இந்த எண்ணைப் போடுவது கம்பெனிகளேதான். அதனால் ஒரு கம்பெனியின் 300-ஐ இன்னொன்றின் 300-ஓடு அப்படியே ஒப்பிட முடியாது.

சாதாரண டயரைப் பலர் குறைவாக எண்ணுகிறார்கள். எனக்கு அதன் மேல் தனி மரியாதை உண்டு, ஏனென்றால் அது பேசும். வளைவில் கொஞ்சம் வேகமாக நுழைந்தால் முதலில் முனகும், இன்னும் திருப்பினால் கீச்சென்று கத்தும், அப்புறம்தான் முன்பக்கம் மெல்ல வெளியே வழுக்கும். இத்தனையும் குறைந்த வேகத்திலேயே நடப்பதால் தப்பைத் திருத்த நேரம் கிடைக்கிறது. குறையும் உண்டு. சென்னை வெயிலில் நாலைந்து சுற்றிலேயே சூடேறிப் பிடிப்பு தளரும், டயரின் தோள்பட்டை, அதாவது வெளி ஓரம், சீக்கிரம் தேயும். இரண்டு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட்டால் போதும், புதிதாகக் கற்பவருக்கு அந்த ஓய்வும் தேவைதான். டயர் பழசாக இருந்தால் மட்டும் போகாதீர்கள். பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் செய்த வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருஷத்தையும் சொல்லும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம் செய்தது.

செமி ஸ்லிக்கின் கதை இதற்கு நேர்மாறு. சூடேறும்வரை பிடிக்காது, ஏறிய பிறகு ஒட்டிக்கொண்டது போல ஓடும். பிரேக்கைத் தாமதமாக மிதித்தாலும், ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தாலும் காப்பாற்றிவிடும். கற்க வந்தவருக்கு அதுதான் ஆபத்து: செய்த தப்பு தெரிவதில்லை, தெரியும்போது வேகம் அதிகமாக இருக்கும், பிடிப்பும் சட்டென்று விட்டுப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது ஆழமில்லாத அந்தக் கோடுகளோடு வீடு திரும்புவதை நினைத்தாலே எனக்குப் பயம். ரேஸ் ஓட்டுபவர்கள் கழற்றிப் போட்டதை மலிவாக வாங்குவது இன்னும் மோசம். பலமுறை சூடேறி ஆறிய ரப்பர், பார்க்கக் கோடு இருந்தாலும், இறுகிப்போயிருக்கும்.

இரண்டுக்கும் நடுவில் ஸ்போர்ட்ஸ் ரகம். சூட்டைத் தாங்கும், பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் ஸ்டீயரிங் சொன்னபடி திரும்பும், மழையிலும் நம்பலாம், திங்கட்கிழமை ஆபீசுக்கும் அதே டயரில் போகலாம். 200 ரகம் நல்லதுதான், ஆனால் சின்ன வண்டிகளின் அளவில் இங்கே கிடைப்பது கஷ்டம். சுற்று நேரம் ஒரே சீராக வந்து, அதற்கு மேல் குறையாமல் நிற்கும்போது அதை யோசிக்கலாம்.

எந்த டயரானாலும் காற்றைக் கவனிக்காவிட்டால் பணம் வீண். வெள்ளை ஷூ பாலிஷை, தரையில் படும் பகுதியான டிரெட்டிலிருந்து பக்கச்சுவர்வரை ஒரு விரல் அகலத்துக்குத் தடவிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பக்கச்சுவரின் ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணக் குறி இருக்கும். பாலிஷ் அந்தக் குறியைத் தாண்டியும் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதவில்லை. குறிக்கு வெகு முன்னாலேயே நின்றிருந்தால் காற்று அதிகம். சூடு 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். காலையில் 32 வைத்துப் போனால், வண்டியை நிறுத்தும் பிட்டுக்குள் வந்ததும் 38, 39 காட்டுவது சகஜம்.

அது அதிகம் என்று அப்போது மூன்று பிஎஸ்ஐ இறக்கியிருப்பீர்கள். சாயங்காலம் ஆறியதும் அதே டயர் 29-தான் காட்டும். நெடுஞ்சாலையில் ஏறும் முன் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, மறுபடி 32-க்குக் காற்று அடித்துக்கொண்டு கிளம்புங்கள்.