5ஜிக்கு அடுத்து வரப்போற 6ஜி மொபைலுக்கு எந்த அலைவரிசை: சப்-டெராஹெர்ட்ஸா, நடு பேண்டா?

100 கிகாஹெர்ட்ஸுக்கு மேல இருக்குற சப்-டெராஹெர்ட்ஸ்ல இடம் தாராளம், நொடிக்கு 100 ஜிகாபிட் வரைக்கும் சோதனையில ஓட்டிப் பாத்துட்டாங்க, ஆனா ஆள் குறுக்க நின்னாலே சிக்னல் படுத்துடும், பாண்டி வொயிட் டவுன் வீடுங்களோட தடிமனான சுவரையெல்லாம் அது தாண்டுமா சொல்லுங்க, அதுக்கு மேல நம்ம கடலூர் ஐப்பசி மழை வேற.

7–15 கிகாஹெர்ட்ஸ் நடு பேண்டுல வேகம் கம்மிதான். ஆனா இப்ப இருக்குற டவர்லயே நிறைய ஆன்டெனா அடுக்கி ஊரை ஓரளவு கவர் பண்ணிடலாம்னு பாக்குறாங்க. சேட்டிலைட்டுக்காரங்க ஏற்கனவே அங்க உக்காந்திருக்காங்க, சண்டை அதான். அலைவரிசைகளைப் பங்கு போடுற உலக ரேடியோ மாநாடு 2023ல துபாய்ல நடந்தப்ப, 7.125–8.4, 14.8–15.35 கிகாஹெர்ட்ஸ் ரெண்டையும் 2027க்குள்ள ஆராயச் சொல்லியிருக்காங்க.

எனக்கு ஊருக்குள்ள நடு பேண்டுதான், மத்தது சிப்காட் ஃபேக்டரி உள்ள, இல்லன்னா டவருக்கு டவர் லிங்க்குக்கு போதும்.